ஆயாவின் குறிப்பேடு நூலாகும்போது

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருக்கு வயது 56. தாயைப் பெற்ற ஆயா எழுதிவைத்த இரண்டு குறிப்பேடுகளிலிருந்தும், தாமே பல ஆண்டுகளாகச் செய்துவரும் பக்குவங்களிலிருந்தும் சுமார் 120 சமையல் குறிப்புகளைத் தொகுத்து, சொந்தச் செலவில் நூலாக்க விரும்புகிறார். வரும் தை மாதம் நடக்கவிருக்கும் கணவரின் மணிவிழாவில் உறவினர்களுக்குக் கொடுத்தது போக மீதியை விற்பதாகத் திட்டம். உறவினரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகளோ, எடிட்டர் ஒருவர் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்கிறார். மகன் சில குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கொடுத்து, நடையை மாற்றித் தந்திருக்கிறார். இதற்கிடையில் ஒரு நிறுவனம் எடிட்டிங், அட்டை, ஐ.எஸ்.பி.என். எண், காப்பிரைட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகைக்குச் செய்து தருவதாகச் சொல்லி ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறது. சின்னாத்தா மட்டும், தம் தாயாரின் கையெழுத்துக் குறிப்புகளைத் தம்மைக் கேட்காமல் எப்படி அச்சிடலாம் என்று வருத்தப்பட்டிருக்கிறார். “எங்கள் வீட்டுச் சமையலைத் திருத்த வெளியாளுக்கு என்ன தெரியும்? அவர் கை வைத்தால் எங்கள் பேச்சு போய்விடாதா?” என்பதே வாசகி முதன்மையாகக் கேட்பது. வெள்ளைப் பணியாரம், ஆடிக் கும்மாயம், சீடை, உப்புக்கறி ஆகிய நான்கு குறிப்புகளையும் பின்னட்டைக்கு எழுதிய வரிகளையும் மாதிரிக்கு அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

உங்கள் அச்சம் நியாயமானது. வட்டார வழக்கைக் கண்டதும் அதைப் பாடநூல் தமிழாக மாற்றுவதே தம் கடமை என்று நினைக்கும் செம்மையாக்குநர்கள் (எடிட்டர்கள்) இருக்கிறார்கள். அவர்கள் கையில் அகப்பட்ட சமையல் நூல்கள் எந்த ஊருக்கும் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில் வெளிவருவதைப் பதிப்புத் தொழிலில் இருக்கும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அச்சத்துக்காகச் செம்மையாக்கமே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால், இழப்பு உங்கள் ஆயாவின் பக்குவத்துக்குத்தான். சமையல் நூலில் செம்மையாக்குநர் முதலில் தேடுவது நீங்கள் எழுதியதில் உள்ள குற்றத்தை அன்று, எழுதாமல் விட்டதை. ஒரே அடுப்படியில் பல்லாண்டு நின்றவருக்குக் கை தானாகச் செய்துவிடும் காரியங்கள் எழுதும்போது நினைவுக்கு வருவதில்லை. அந்த இடங்களில் எல்லாம் நூலை வாங்கிய பெண் தடுமாறி நிற்பார்; பக்கத்தில் நீங்கள் இருந்தால் கேட்டுவிடுவார், நூலிடம் கேட்க முடியாது.

நீங்கள் அனுப்பிய நான்கு குறிப்புகளையும் இந்தக் கண்ணோடுதான் படித்தேன். தமிழாசிரியர் தம் வேலையைக் குறைவறச் செய்திருக்கிறார். ஒற்று மிகும் இடங்கள் சரியாக இருக்கின்றன, ‘பொறித்து’ என்று தட்டச்சாகியிருந்தது ‘பொரித்து’ என்றும், ‘உப்புக்கரி’ என்றிருந்தது ‘உப்புக்கறி’ என்றும் திருந்தியிருக்கின்றன. ஆனால் கும்மாயத்துக்கான பொருள்பட்டியலில் இருக்கும் நெய், செய்முறையில் ஓரிடத்திலும் வரவில்லை. வறுத்து அரைத்த மாவைக் கருப்பட்டிப் பாகில் கரைத்துக் கிளறும்போது நெய்யை எப்போது, எத்தனை முறையாக ஊற்றுவது என்பதுதான் அந்தப் பண்டத்தின் உயிர். அது குறிப்பில் இல்லை என்பதை இலக்கணப் பார்வை கண்டுபிடிக்காது. அதற்காக அவரைக் குறை சொல்ல வேண்டாம். பிழை திருத்தம் என்பது ஒரு வேலை, செம்மையாக்கம் என்பது வேறொரு வேலை, வடிவமைத்த பக்கங்களில் மெய்ப்பு (ப்ரூஃப்) பார்ப்பது மூன்றாவது வேலை. மூன்றும் ஒன்றென்று எண்ணுவதால்தான் சொந்தமாக வெளியிடப்படும் சமையல் நூல்கள் பலவும், சந்திப் பிழையே இல்லாமலும் அதே சமயம் சமைக்க முடியாமலும் இருக்கின்றன.

சீடைக் குறிப்பு அப்படியே அச்சாகக் கூடாது

நான்கில் எனக்கு உண்மையான கவலை தந்தது சீடைக் குறிப்பு. மாவைச் சலிப்பது, உருட்டியவற்றைத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துவது ஆகிய இரண்டும் அதில் விடுபட்டிருக்கின்றன. உங்களுக்கு அவை சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. புதிதாகச் செய்கிறவர் சலிக்காத மாவை அழுத்தி உருட்டிக் காயும் எண்ணெயில் போட்டால், உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சீடை வெடிக்கும். கொதிக்கும் எண்ணெய் முகத்திலும் கையிலும் தெறிக்கும். மற்ற நூல்களில் ஒரு வரி விடுபட்டால் வாசகருக்குப் பொருள் புரியாமல் போகும், அவ்வளவே. சமையல் நூலில் அது உடம்பில் காயமாக முடியக்கூடும். ஆகையால் பொரிக்கும் பண்டங்கள் அனைத்தையும், நீண்ட நாள் வைத்திருக்கும் ஊறுகாய், வற்றல் வகைகளையும் தனியே பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆபத்தான கட்டம் எது என்று உங்களையே கேட்டு எழுதிச் சேருங்கள். ‘கரண்டி’ என்று மட்டும் எழுதியிருக்கும் இடங்களையும் இதே கவனத்தோடு பாருங்கள். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. ஆப்பச் சோடாவிலோ உப்பிலோ ஒன்றை மற்றதாகக் கொண்டால் அளவு மும்மடங்காகிவிடும்.

பின்னட்டை வரிகளில், கவுனி அரிசி சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று எழுதியிருப்பதை நீக்கிவிடுங்கள். கவுனி அரிசியின் கருமைக்குக் காரணமான நிறமிகள் பற்றி நல்ல செய்திகள் சொல்லப்படுவது உண்மைதான் என்றாலும், உங்கள் நூலில் இருக்கும் கவுனி அரிசிப் பக்குவம் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்ந்த இனிப்பு. அந்த வரியை நம்பி ஒரு சர்க்கரை நோயாளி அதைச் சாப்பிடும் நிலை உங்கள் பெயரால் வரக் கூடாது.

கோபுரமாக உளுந்து

வெள்ளைப் பணியாரத்துக்கு, “ஒரு டம்ளர் பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக உளுந்து” என்று ஆயா எழுதியிருக்கிறார். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இன்றும் அப்படித்தான் அளக்கிறோம். ஓர் அளவுக் குவளையும் கையும் இருந்தால் போதும் என்ற அருமையான முறை அது. ஆனால் கோபுரத்தின் அளவு டம்ளரின் வாயகலத்தைப் பொறுத்தது. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு டம்ளர்களில், வாயகன்றது அதிக உளுந்தைத் தாங்கும், வாய் குறுகியது குறைவாகத் தாங்கும். உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைத்துப் போகும். உங்கள் வீட்டு டம்ளர் தலைமுறையாக மாறவில்லை, அதனால் உங்களுக்குப் பிசகவில்லை. வாங்குகிறவர் வீட்டு டம்ளர் எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியாது.

இதற்குத் தீர்வு ஆயாவின் சொற்களை அழிப்பது அன்று. உங்கள் டம்ளரால் வழக்கம்போல் அளந்து, அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே சமையலறைத் தராசில் நிறுத்து, கிராம் கணக்கை அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுங்கள். ஒரு முறை நிறுத்ததோடு விடாமல் வேறு வேறு நாள்களில் சில முறை நிறுத்து, சராசரியை எழுதுவது நல்லது. படி, உழக்கு, ஆழாக்குக் கணக்குகளுக்கும் இதுவே வழி. எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற வாய்பாடு பொதுவானதானாலும் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டே வந்திருக்கிறது, ஆகவே உங்கள் வீட்டுப் படி எத்தனை மில்லி என்பதை நூலின் தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

உப்புக்கறியில் ‘மிளகாய் 15’ என்றிருக்கிறது. நீங்கள் நினைத்தது குண்டு மிளகாயாக இருக்கும்; பக்கத்து மாவட்டத்தின் இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆனால் கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் நீள மிளகாயை எண்ணிப் போடுவார், உறைப்பு வேறாகும், நிறம் வேறாகும். மிளகாயின் பெயரையும் எடையையும் எழுதுங்கள். சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா, கறி எலும்போடா தனிக்கறியா என்பவையும் அப்படியே.

நெருப்பைப் பற்றிய குறிப்புகளில் மட்டும் எந்தச் செம்மையாக்குநரையும் கை வைக்க விடாதீர்கள். “பச்சை வாசனை போகும்வரை”, “எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை” என்று நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் நிமிடக் கணக்கைவிட நம்பத்தக்கவை, ஏனென்றால் அடுப்பும் பாத்திரமும் மாறினால் நிமிடம் மாறும், அடையாளம் மாறாது. புதியவருக்குத் துணையாக ‘ஏறக்குறைய இத்தனை நிமிடம்’ என்று பக்கத்தில் சேர்த்தால் போதுமானது.

உங்கள் பேச்சு எங்கே நிற்க வேண்டும்

நூல் முழுவதையும் ஒரே மொழியில் எழுத வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். செய்முறைப் பகுதியில் ‘போடவும்’ என்று தொடங்கினால் 120 குறிப்பிலும் ‘போடவும்’தான், இடையில் ‘போட வேண்டும்’, ‘போடுங்கள்’, ‘போட்டுக்கொள்ளலாம்’ என்று மாறினால், கட்டாயமா விருப்பமா என்ற குழப்பம் வரும். அங்கே சிக்கனமும் சீர்மையும் தேவை. ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே நான்கைந்து வரிகளுக்கு இடம் விட்டு, அந்தப் பண்டம் உங்கள் வீட்டில் எப்போது செய்யப்படும், ஆயா அதைப் பற்றி என்ன சொல்வார், யாருக்குப் பிடிக்கும் என்பவற்றை நீங்கள் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். “நல்லாத் தள தளன்னு கொதிக்கணும்” என்று ஆயா சொன்னது அந்த இடத்தில் அப்படியே இருக்கலாம், இருக்க வேண்டும். கோசமல்லி, தெரக்கல், மண்டி, டாங்கர் சட்னி, கும்மாயம் போன்ற பெயர்களை மாற்ற ஒருவரையும் அனுமதிக்காதீர்கள். வெளியூர் வாசகருக்காக அது என்ன வகைப் பண்டம், எதனோடு சாப்பிடுவது என்று ஒரு வரி விளக்கம் கொடுத்தால் அவர் புரிந்துகொள்வார்.

மகன் செயலியில் மாற்றித் தந்த உப்புக்கறிக் குறிப்பை நீங்கள் எழுதிய மூலத்தோடு ஒப்பிட்டேன். நடை சரளமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லாத மல்லித்தூளும் கரம் மசாலாவும் அதில் புகுந்திருக்கின்றன. சின்ன வெங்காயம், பூண்டு, வற்றல் மிளகாய், உப்பு, நல்லெண்ணெய் என்று அடங்கியிருந்த உங்கள் வீட்டுப் பக்குவம் பொதுவான மட்டன் வறுவலாக மாறிவிட்டது. நீங்கள் விட்டுவிட்ட அளவுகளையும் அது தானாக ஊகித்து நிரப்பியிருக்கிறது, அவை பார்வைக்கு நம்பும்படியும் இருக்கின்றன. இது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது, ஏனென்றால் இடைவெளி தெரிந்தால் யாராவது கேட்பார்கள், இடைவெளி மூடப்பட்டால் கேள்வியே எழாது. உள்ளடக்க அட்டவணை, அகரவரிசை போன்ற வேலைகளுக்கு மகனின் உதவியைத் தாராளமாகப் பெறுங்கள். குறிப்புகளின் உடலை மட்டும் அவ்வாறு மாற்ற வேண்டாம்.

செம்மையாக்குநரைத் தேர்ந்தெடுக்கும் முன், இரண்டு குறிப்புகளை மாதிரிக்குத் திருத்தித் தரச் சொல்லுங்கள், அதற்கு உரிய கூலியைக் கொடுத்தே கேளுங்கள். திரும்பி வரும் தாளில் திருத்தங்களைவிடக் கேள்விகள் அதிகமாக இருந்தால் அவர் சமையல் நூலுக்கு ஏற்றவர். கேள்வியே இல்லாமல் வரிகள் மட்டும் மாறியிருந்தால் வேறொருவரைத் தேடுங்கள். அவரிடம் கொடுப்பதற்கு முன்னால், நம் ஊரில் பிறக்காத ஒருவரையும் சமையலுக்குப் புதிய ஒருவரையும் சில கடினமான குறிப்புகளைத் தாளை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் சமைக்கும்போது நீங்கள் அருகில் இருக்கக் கூடாது, தொலைபேசியில் கேட்கவும் கூடாது. ஐயம் வரும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தமக்குத் தோன்றியபடி தொடர வேண்டும். அந்தக் கோடுகள் எந்த நிபுணர் அறிக்கையையும்விட உங்களுக்குப் பயன்படும்.

மெய்ப்பு பற்றி ஒரு சொல். டி.டி.பி. நிலையத்தில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிறகு யூனிகோடுக்கு மாற்றினால், துணைக்காலும் ‘ர’வும் இடம் மாறுவது, கொம்புகள் பிரிந்து நிற்பது போன்ற புதுப் பிழைகள் முளைக்கும், ½, ¼ போன்ற பின்னங்கள் காணாமல் போவதும் உண்டு. பக்கங்கள் வடிவமைந்த பிறகு எண்களை மட்டும் தனியாக ஒரு முறை, ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் பார்க்க, சரிபார்த்துவிடுங்கள்.

தை மாதமும் 120 குறிப்புகளும்

இத்தனையையும் தைக்குள் 120 குறிப்புகளுக்கும் செய்து முடிக்க இயலாது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மணிவிழா நாளைத் தள்ளிப்போட முடியாது, நூலைத் தள்ளிப்போடலாம். அதற்கு மனம் வராதென்றால், உங்கள் கைக்கு மிகவும் பழகிய முப்பது குறிப்புகளை மட்டும் எடுத்து, அளந்து, பிறரைச் செய்யவைத்துப் பார்த்து, டெம்மி என்னும் நூல் அளவில் நான்கைந்து ஃபாரம் (ஃபாரம் ஒன்றுக்கு 16 பக்கம்) கொண்ட சிறு நூலாக விழாவுக்குக் கொடுங்கள். உறவினர்கள் செய்துபார்த்துச் சொல்லும் குறைகள் பெரிய நூலுக்கு உதவும். விற்பனைக்கான முழு நூலையும், தேவைக்கேற்ப அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் முதலில் சில பிரதிகளாக எடுத்துப் பார்த்து, அதன் பிறகு மொத்தமாக அச்சிடும் ஆஃப்செட்டுக்குப் போவது உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு. ஒரே மூச்சில் ஆயிரம் பிரதி அடித்துவிட்டு நெய்யின் அளவு தவறென்று கண்டால், ஒட்டுத்தாள் ஒட்டுவதைத் தவிர வழியிருக்காது.

குறிப்பேட்டின் உரிமை

சின்னாத்தாவின் வருத்தத்தை வெறும் கோபமென்று ஒதுக்க வேண்டாம். அவர் பக்கம் சட்டமும் ஓரளவு நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பண்டத்தைச் செய்யும் முறையையோ யோசனையையோ யாருக்கும் சொந்தமாக்கவில்லை. எழுதப்பட்ட வடிவத்தைத்தான் காக்கிறது. யோசனைக்கு உரிமை கிடையாது, வெளிப்பாட்டுக்கே உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியது. ஆகவே வெள்ளைப் பணியாரம் செய்யும் முறையை நீங்கள் உங்கள் சொற்களில் எழுத எவர் அனுமதியும் தேவையில்லை. ஆனால் ஆயாவின் வாசகங்களை அப்படியே அச்சிடுவதென்றால் அந்த எழுத்தின் ஆசிரியர் ஆயா. அவர் உயில் எழுதாமல் காலமானதால் அந்த உரிமை அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் போகிறது. சின்னாத்தாவையும் மற்ற வாரிசுகளையும் நேரில் கண்டு, ஒரு தாளில் சம்மதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் ஆயாவின் பெயர் வரட்டும். இதையே எதிர்ப்பக்கத்திலிருந்தும் நினைவில் வையுங்கள்: யூடியூபில் பார்த்த இரண்டு குறிப்புகளைச் சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், அவற்றை நீங்களே செய்துபார்த்து உங்கள் சொற்களில் எழுதினால் தடையில்லை, அவர்களுடைய வரிகளையோ படங்களையோ எடுத்தாளக் கூடாது. கூலி கொடுத்து நீங்கள் எடுக்கச் செய்யும் புகைப்படங்களுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, நீங்களே உரிமையாளர்.

நிறுவனத்தின் ஒப்பந்தம்

ஐ.எஸ்.பி.என். என்பது நூலை அடையாளம் காட்டும் எண் மட்டுமே. உரிமை எதையும் அது தருவதில்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில், சொந்தமாக வெளியிடும் எழுத்தாளரும் கட்டணமின்றி விண்ணப்பித்துப் பெறலாம். பதிப்புரிமையும் எழுதிய அந்தக் கணத்திலேயே உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை. எனவே ‘காப்பிரைட் வாங்கித் தருகிறோம்’ என்பதற்காக ஒரு தொகை கொடுக்கும் முன், அது பதிவுக் கட்டணமா, வேறெதற்கா என்று கேளுங்கள்.

என்னைத் தடுத்து நிறுத்தியது ஏழாவது பிரிவு. நூலின் அனைத்து உரிமைகளும் அந்த நிறுவனத்துக்கு மாற்றப்படுவதாக அது சொல்கிறது. செலவு முழுவதும் உங்களுடையது, உரிமை மட்டும் அவர்களுடையது என்பதை ஏற்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும்; காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். நீங்கள் கையெழுத்திட்ட பிறகு சின்னாத்தா கேள்வி எழுப்பினால், அனைத்து உரிமையும் உங்களிடமே இருப்பதாக உறுதி கூறியவர் என்ற முறையில் பொறுப்பும் உங்கள் தலையில் விழும். உரிமை மாற்றத்துக்குப் பதிலாக, இத்தனை பிரதிகள் அச்சிட்டுத் தரும் வேலைக்கான ஒப்பந்தமாக அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். செம்மையாக்கம் என்று அவர்கள் குறிப்பிடுவது எந்த வேலை, செய்பவர் யார், எத்தனை சுற்று மெய்ப்பு உங்களுக்கு வரும், ஒரு சொல்லை மாற்றுவதில் இறுதி முடிவு யாருடையது, வடிவமைத்த மூலக் கோப்பு வேலை முடிந்ததும் உங்களிடம் தரப்படுமா என்பவையும் எழுத்தில் வர வேண்டும்.

நூல் வெளியானதும் 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதிகள் அனுப்ப வேண்டியது பதிப்பாளரின் கடமை. சொந்தமாக வெளியிட்டால் பதிப்பாளர் நீங்கள்தான். இதைச் சுமையாக நினைக்காதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் ஆயுள் முழுவதும் தேடிச் சேர்த்த அச்சு நூல்கள்தாம் இன்று சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன; ஆண்டும் ஊரும் வெளியிட்டவர் பெயரும் இல்லாத நூலை நூலகத்தில் வகைப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை அங்கே பணியாற்றுகிறவர்கள் அறிவார்கள். அந்த விவரங்களை உங்கள் நூலின் இரண்டாம் பக்கத்தில் விடாமல் அச்சிடுங்கள்.

நிறுவனம் முன்பணம் கேட்டு இந்த வாரத்தைக் கெடுவாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதிலையும் ஒப்பந்தத்தையும் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டும்வரை பணம் அனுப்ப வேண்டாம்.